அந்தக் கரியைக் கழுவாதீர்கள்

ஆர்க்டிக் வட்டாரத்துக் கல்விளக்குகளையும் கல்பானைகளையும் காத்துவரும் அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கும், அவற்றைக் காட்சிக்கு வைப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் சேமிப்பு அறைகளில் உள்ள மாக்கல் பாத்திரங்களில் ஒட்டியிருக்கும் கரியையும் கொழுப்புப் படிவையும் இனிமேல் கழுவவோ சுரண்டவோ வேண்டாம். ஏற்கெனவே கழுவியவை எவை, கழுவாதவை எவை என்று பதிவேட்டில் எழுதிவையுங்கள். காட்சிக்கு வைக்கும்போது அந்தக் கரி பார்ப்பவர்கள் கண்ணில் படும்படி வையுங்கள். இவ்வளவுதான். மடல் ஏன் இத்தனை நீளம் என்றால், இதைத் தமிழில் படிக்கிறவர்களில் பலர் இந்தப் பாத்திரங்களைப் பற்றிக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் தொல்லியலாளன் அல்ல. கனடாவில் வாழ்கிறேன், அருங்காட்சியகம் எங்கே இருந்தாலும் நுழைந்துவிடுவேன். அப்படி நுழைந்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு கல்விளக்கைப் பார்த்தேன். பளபளவென்று துடைத்து, கறுப்புத் துணிமேல் வைத்து, மேலிருந்து ஒளி பாய்ச்சியிருந்தார்கள். பக்கத்தில் சிறு அட்டை: விளக்கு, மாக்கல், தூலே பண்பாடு. பல நூறு இரவுகள் எரிந்த ஒரு பொருளில் எரிந்த அடையாளமே இல்லை. நவீன சிற்பம் என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

மாக்கல் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. வத்தக்குழம்பு வைக்கும் கல்சட்டி அந்தக் கல்தான். டால்க் என்னும் மென்மையான கனிமம் அதில் நிறைய இருப்பதால் நகத்தால் கீறினாலே தடம் விழும். இரும்பு இல்லாதவர்கள்கூட, அதைவிடக் கடினமான கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு அதைக் குடைந்துவிடலாம். சூட்டில் சட்டென்று வெடிக்காது. வாங்கிய சூட்டை நெடுநேரம் வைத்துக்கொள்ளும். விறகுக்கு மரமே இல்லாத நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதைவிடத் தோதான கல் கிடைத்திருக்காது.

கிரீன்லாந்தில் கி.மு. 2500 அளவில் குடியேறிய சக்காக் மக்களிடமே சிறிய வட்டமான மாக்கல் விளக்குகள் இருந்தன. அவர்களுக்குப் பின் கனடாவின் வடகிழக்கிலும் கிரீன்லாந்திலும் பரவிய டோர்செட் மக்கள் விளக்கோடு சமைக்கும் பாத்திரங்களையும் மாக்கல்லில் செய்தார்கள். கனடாவின் கிழக்கே உள்ள நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில் ஃப்ளூர் டி லீஸ் என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. அங்கே ஊருக்குள்ளேயே டோர்செட் மக்கள் மாக்கல் வெட்டிய பாறை முகம் நிற்கிறது. பாத்திரத்தின் அளவுக்குச் சுற்றிலும் பள்ளம் வெட்டி, அடியைக் குடைந்து, ஒரு முண்டாகப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். எடுத்த இடம் ஒவ்வொன்றும் சதுரமும் நீள்சதுரமுமான வடுவாகப் பாறையில் தங்கிவிட்டது. பெயர்க்க முயன்று பாதியில் கைவிட்ட முண்டுகளும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த வேலை நடந்தது சுமார் 2,000 முதல் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு. இன்று அது கனடாவின் தேசிய வரலாற்றுத் தலம். பாறையை அத்தனை பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். ஒரு வடுவைக்கூடத் தேய்த்து மழுப்ப யாரும் துணியமாட்டார்கள். அதே பாறையிலிருந்து போன பாத்திரத்தின் வடுக்களை மட்டும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுகிறோம்.

அப்புறம் வந்தவர்கள் தூலே மக்கள். ஆர்க்டிக் பழங்குடியினரான இன்றைய இனூயிட்டின் முன்னோர்கள். அலாஸ்காவிலிருந்து கிழக்கே கனடா வழியாக கிரீன்லாந்துவரை போனவர்கள். அலாஸ்காவில் இருந்தவரை அவர்களிடம் மண்பானைகள் இருந்தன. ஈரமும் குளிருமான, விறகு அரிதான அந்த நிலத்தில் மண்பானையைக் காயவைப்பதும் சுடுவதும் பெரும்பாடு. காரன் ஹாரி, லியம் ஃப்ரிங்க் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தப் பானைகளை எடுத்துக்கொண்டு, பார்க்க அழகில்லாத, தடித்த, அரைகுறையாகச் சுட்ட அந்தப் பானை தன் வேலைக்கு எவ்வளவு பொருத்தமானது என்று 2008லும் 2009லும் எழுதினார்கள். அவர்கள் பரிசோதித்தவற்றில் ஒன்று, கடல்நாயின் இரத்தத்தையும் எண்ணெயையும் பூசிப் பானையை நீர் கசியாமல் ஆக்கும் வழக்கம். எனக்கு அந்தக் கட்டுரைகளில் பிடித்தது, பானையின் அழுக்கையே அதன் தொழில்நுட்பமாகப் பார்த்த அந்தப் பார்வை.

கிழக்கே போகப் போக தூலே மக்கள் மண்ணை விட்டு மாக்கல்லுக்கு மாறினார்கள். அவர்களுடைய விளக்கு அரைநிலா வடிவம். வளைந்த பக்கம் பின்னால், நேரான விளிம்பு முன்னால். அந்த நேர்விளிம்பு நெடுகப் பாசியைத் திரியாகப் பரப்புவார்கள். உலர்ந்த பாசியோடு பருத்திப்புல்லின் பஞ்சும் சேரும். கடல்நாயின் கொழுப்பைத் தட்டி நசுக்கி உள்ளே வைத்தால் அது உருகி எண்ணெயாகும். விளக்கை லேசாக முன்சாய்த்து வைத்தால் எண்ணெய் தானே திரிக்கு வந்துவிடும். திரியை ஒரு குச்சியால் இடைவிடாமல் நிரவிக்கொண்டே இருக்கவேண்டும். சரியாகக் கவனித்தால் புகை வராது, சுடர் ஒரே கோடாக எரியும். கவனம் தப்பினால் பனிவீடு முழுக்கக் கரி. இன்றைய இனூயிட் இதைக் குல்லிக் என்கிறார்கள். பெண்ணின் உடைமை அது. வெளிச்சம், சூடு, குடிக்கப் பனியை உருக்குவது, நனைந்த காலணியை உலர்த்துவது, சமையல் எல்லாம் அந்த ஒரு கல்லில். கனடாவின் வடக்கே உள்ள நுனாவுட் ஆட்சிப்பகுதியின் சின்னத்தில் அதற்கு இடம் கிடைத்ததில் வியப்பில்லை.

விளக்குக்கு மேலே சமையல் பானை தொங்கும். நாலு மூலையிலும் துளை போட்டு, வாரில் கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தப் பானை வட்டமாக இருக்காது, நீளமாக இருக்கும். ஏன் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. சுடர் ஒரு புள்ளியில் இல்லை, ஒரு கோடாக இருக்கிறது. வட்டப் பானையை வைத்தால் பாதிச் சுடர் வெளியே வீணாகும். பானையின் வடிவத்தை விளக்கின் விளிம்புதான் தீர்மானித்திருக்கிறது. இரண்டையும் வெவ்வேறு கண்ணாடிப் பெட்டிகளில், ஒன்றை "வெளிச்சம்" என்ற தலைப்பிலும் இன்னொன்றை "உணவு" என்ற தலைப்பிலும் வைத்தால், பார்ப்பவனுக்கு இது எப்படிப் புரியும்? கரி அப்படியே இருந்திருந்தால் தானே சொல்லியிருக்கும். பானையின் அடியில் நீளவாட்டில் கறுத்திருந்தால் விளக்கின்மேல் தொங்கியது. சுற்றிலும் பக்கவாட்டிலும் ஏறியிருந்தால் ஒதுங்கிய மரக்கட்டையை எரித்த திறந்த அடுப்பைச் சந்தேகிக்கலாம்.

இனி என் கோரிக்கையின் அடிவேர். மண்பானை நுண்துளை நிறைந்தது. அதில் சமைத்த கொழுப்பு சுவருக்குள் ஊறிப் போய்விடும். வெளியே எவ்வளவு கழுவினாலும், ஒரு துண்டைப் பொடித்து வேதியியல் முறையில் பிரித்தால், உள்ளே ஊறியதிலிருந்து இன்னும் பதில் வரும். மாக்கல் அப்படியல்ல. அது அடர்த்தியானது, எண்ணெயை அவ்வளவாக உறிஞ்சாது. அதில் சாட்சி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கிறது, விளிம்பில் கருகிய திரியின் கோட்டிலும் உள்மூலையில் பொருக்காய் ஒட்டிய கசட்டிலும். மண்பானையைக் கழுவினால் சாட்சியில் ஒரு பகுதிதான் போகும், கல்பானையைக் கழுவினால் ஏறக்குறைய எல்லாமே போகும். மண்பானைக்குப் பழகிய அகழாய்வு முகாம்களில், வாளித் தண்ணீரும் பல்துலக்கும் தூரிகையுமாக எல்லாவற்றையும் ஒரே மாதிரி கழுவியது பழைய வழக்கம். வடிவத்தை வரைய வேண்டும், அளக்க வேண்டும், அதனால் கழுவினார்கள். அந்தக் காலத்துக்கு அது தவறென்று நான் சொல்லமாட்டேன். இன்று தவறு.

அந்தக் கசட்டில் என்ன தெரியும்? கொழுப்பு அமிலங்களைப் பிரித்துப் பார்த்தால் எரிந்தது கடல் உயிரின் எண்ணெயா, கரிபூ மானின் கொழுப்பா என்று பிரித்தறிய வழியிருக்கிறது. நீர்வாழ் உயிர்களின் கொழுப்பு அதிகச் சூட்டில் நெடுநேரம் இருந்தால் உண்டாகும் சில சேர்மங்கள் உண்டு. அவை இருந்தால் மீனோ கடல்நாயோ அதில் சூடேறியது உறுதி. கார்பன் ஐசோடோப்புகளின் (வெவ்வேறு எடையுள்ள கார்பன் அணுக்களின்) விகிதம் இதற்குத் துணை நிற்கும். ஒரு குடும்பம் குளிர்காலத்தைக் கடற்பனிமேல் கழித்ததா, உள்நாட்டில் கரிபூவை நம்பிக் கழித்ததா என்பது எலும்புக் குவியலே இல்லாத இடத்தில்கூட ஒரு விளக்கிலிருந்து தெரியவரலாம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நீங்களே சொல்லுவீர்கள். இந்தக் கரியை நேராகக் காலக்கணிப்புக்கு, அதாவது அதன் கார்பனை அளந்து வயது சொல்லும் சோதனைக்கு, அனுப்பினால் ஏமாந்து போவோம். கடல்நாய் உண்பதெல்லாம் கடலிலிருந்து. கடலின் ஆழத்துக் கார்பன் பழையது. அதனால் அதன் எண்ணெயின் கரி, தன் உண்மை வயதைவிடப் பல நூறு ஆண்டுகள் மூப்பாகக் காட்டும். தூலே மக்கள் கிழக்கே வந்த காலம் பற்றிய நெடுங்காலக் குழப்பத்தில் இதற்கும் பங்குண்டு. 2008ல் தொல்லியலாளர்கள் மாக்ஸ் ஃப்ரீசனும் சார்ல்ஸ் ஆர்னல்டும் நிலத்து விலங்கான கரிபூவின் எலும்புகளை வைத்துக் கணித்து, அந்த இடப்பெயர்வு 11ஆம் நூற்றாண்டு அல்ல, 13ஆம் நூற்றாண்டு என்று வாதிட்டார்கள். ஆகவே கரியைக் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்பது தேதிக்காக அல்ல. என்ன எரிந்தது, என்ன வெந்தது என்பதற்காக. நாளைக்குக் கடல் கார்பனைச் சரிக்கட்டும் நல்ல முறை வந்தால் தேதியும் கிடைக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னார்கள்.

கரி மட்டுமல்ல, ஒட்டுப்போட்டதையும் விட்டுவையுங்கள். மாக்கல் பாத்திரம் உடைந்தால் எறியமாட்டார்கள். விரிசலின் இரு பக்கமும் துளையிட்டு நரம்பால் தைப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் கனடாவின் வடக்கே பாஃபின் தீவுக்குப் போன மானுடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ், கடல்நாயின் இரத்தமும் ஒருவகைக் களிமண்ணும் நாய்முடியும் கலந்த பசையால் விளக்குத் துண்டுகளை ஒட்டுவதைப் பதிவு செய்திருக்கிறார். இந்தப் பசையைப் "பிற்கால அழுக்கு" என்று நினைத்துச் சுரண்டினால் பழுது பார்த்தவரின் கைவேலை போய்விடும். துளைகளும் பேசும். டோர்செட் மக்களிடம் துரப்பணம் (சுழற்றித் துளையிடும் கருவி) கிடையாது. அவர்கள் துளையைக் கீறிக் கீறித்தான் எடுத்தார்கள், அதனால் அது நீண்ட பிளவாக இருக்கும். தூலே மக்களிடம் வில்துரப்பணம் இருந்தது, அவர்களுடைய துளை சுத்தமான வட்டம். ஒரு டோர்செட் பாத்திரத்தில் வட்டத் துளை இருந்தால் கேள்வி கேட்கத் தோன்றவேண்டும். பின்னால் வந்தவர் கண்டெடுத்துப் பயன்படுத்தினாரா? அந்தத் துளையின் உட்சுவரில் என்ன இருக்கிறது என்று நுண்நோக்கியில் பார்க்குமுன் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் கேள்வியும் போச்சு, பதிலும் போச்சு.

இப்படிப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. கல் எல்லா இடத்திலும் கிடைக்காது. கனடாவின் கோரனேஷன் வளைகுடாவில் ட்ரீ ஆற்றுப் பக்கம் நல்ல மாக்கல் உண்டு. அங்கே வாழ்ந்த காப்பர் இனூயிட் செய்த விளக்குகளும் பானைகளும் கைமாறிக் கைமாறி மேற்கே அலாஸ்காவரை போயின என்று ஆர்க்டிக் பயணி வில்யால்மூர் ஸ்டெஃபான்சன் 1914ல் எழுதினார். ஒரு மீட்டரை நெருங்கும் நீளத்தில்கூட அங்கே விளக்குகள் உண்டு. அவ்வளவு கனத்தை நாய்வண்டியில் இழுத்துப் போவதென்றால் அந்தப் பொருளின் மதிப்பை நாம் யோசித்துக்கொள்ளலாம். எந்தக் கல் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க 1970களிலிருந்தே கல்லில் நுண்ணளவில் கலந்திருக்கும் அருமண் தனிமங்களை அளந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கனடாவின் கிழக்குக் கரையில் லாப்ரடாரில் அது நிறைய நடந்தது. ஆனால் மாக்கல் ஒரே சுரங்கத்துக்குள்ளேயே இடத்துக்கு இடம் மாறும். அதனால் இந்த முறை பாதிதான் கைகொடுக்கும். மீதிக்குப் பாத்திரத்தில் ஒட்டியிருப்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டியிருக்கும்.

பெட்டியில் கிடக்கும் சிறு துண்டு என்ன செய்யும் என்பதற்கு ஒரு கதை, உங்களில் பலருக்கு நன்றாகத் தெரிந்ததுதான். பாஃபின் தீவின் தென்கோடியில் டான்ஃபீல்ட் பள்ளத்தாக்கில் நானூக் என்ற இடம். அங்கே தொல்லியலாளர் மோரோ மாக்ஸ்வெல் 1960களில் தோண்டியபோது ஒரு சின்னக் கல்பாத்திரத்தின் உடைந்த பகுதி கிடைத்தது. டோர்செட் இடத்தில் கிடைத்த இன்னொரு துண்டு, அவ்வளவுதான், உள்ளே போய்விட்டது. பல பத்தாண்டுகள் கழித்துப் பாட்ரீசியா சதர்லாந்து குழு அதை எலக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தது. உட்சுவரில் செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தின் தடயங்களும் நுண்ணிய கண்ணாடி உருண்டைகளும் இருந்தன. வெண்கலத்தை உருக்கிய மூசை அது என்று 2014ல் வெளியிட்டார்கள். வட அமெரிக்காவின் அந்த மூலையில் பழங்குடியினர் யாரும் வெண்கலம் உருக்கவில்லை. கிரீன்லாந்திலிருந்து வந்த நார்ஸ் மக்களோ (வைக்கிங் வழிவந்த ஐரோப்பியர்) என்று சதர்லாந்து வாதிட்டார். அந்த இடத்தில் கிடைத்த நூலிழை பற்றியும் தேதிகள் பற்றியும் மற்றவர்கள் கடுமையாக மறுத்திருக்கிறார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை. யார் பக்கம் உண்மை என்பது இங்கே எனக்கு முக்கியமில்லை. 1960களில் யாராவது ஆர்வத்தோடு அந்தத் துண்டை நன்றாகத் தேய்த்துக் கழுவியிருந்தால் சண்டை போட ஒன்றுமே இருந்திருக்காது.

உங்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பொருக்கு தானாகவே உதிரும். பழைய கொழுப்பு அலமாரியைக் கெடுக்கும், பூச்சியை அழைக்கும். சில மாக்கல்லில் கல்நார் வகைக் கனிமம் கலந்திருக்கும், அதைச் சுரண்டுவது உங்கள் நுரையீரலுக்கே ஆகாது (கழுவாமல் விடுவதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது பாருங்கள்). உதிர்வதைத் தடுக்க முடியாதென்றால், உதிர்ந்ததைக் கண்ணாடிக் குப்பியிலோ அலுமினியத் தாளிலோ எடுத்துப் பாத்திரத்தின் எண்ணோடு வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். அதிலிருந்து கசியும் வேதிப்பொருள் ஆய்வுக் கருவியில் கொழுப்போடு கொழுப்பாகக் கலந்து நிற்கும். கையுறை இல்லாமல் தொட்டால் உங்கள் விரலின் கொழுப்பும் அங்கே சேரும். காட்சிக்குப் பளபளப்பு வேண்டுமென்று மெழுகும் எண்ணெயும் பூசும் பழக்கம் சில இடங்களில் உண்டு, அதை உடனே நிறுத்துங்கள். அதைவிடக் கழுவுவதே மேல், நிஜமாகவே சொல்கிறேன். கழுவினால் சாட்சி இல்லாமல் போகும், பூசினால் பொய்ச்சாட்சி வந்து உட்கார்ந்துகொள்ளும். பதிவு எண்ணை உட்புறத்தில் வார்னிஷ் போட்டு எழுதிய பழைய துண்டுகளையும் தனியாகக் குறித்து வையுங்கள்.

இதெல்லாம் விஞ்ஞானத்துக்காக மட்டும் கேட்கிறேன் என்று நினைக்கவேண்டாம். இந்தப் பொருள்களுக்கு உரியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகம் 1980களிலிருந்து 2001வரை சுமார் 35,000 பொருள்களைக் கிரீன்லாந்துக்குத் திருப்பிக் கொடுத்தது. 1993ல் கையெழுத்தான நுனாவுட் உடன்படிக்கையில் தொல்லியலுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அதன்படி இனூயிட் மரபுக் காப்பறக்கட்டளையும் உருவானது. நுனாவுட்டிலிருந்து தோண்டியெடுத்தவை இன்னும் பெரும்பாலும் தெற்கேதான் இருக்கின்றன. நாளை அவை வீடு திரும்பும்போது எப்படித் திரும்பவேண்டும்? ஒரு மூதாட்டி தன் பாட்டியின் பாட்டி காலத்து விளக்கின் விளிம்பில் கருகிய கோட்டைப் பார்த்து, இவள் திரியை நன்றாக நிரவியிருக்கிறாள் என்றோ, இவளுக்குக் கை பழகவில்லை என்றோ சொல்லக்கூடியவர். விளக்கைக் கையாண்டு பழகிய மூத்தவர்கள் இன்றும் நிகழ்ச்சிகளில் குல்லிக் ஏற்றுகிறார்கள். அவர்களைக் கேட்காமல் அந்தக் கோட்டை அழிக்கும் உரிமை உங்களுக்கு எப்படி வந்தது?

சிலர் கேட்பார்கள்: அவர்களே அதைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, மறுபடி ஏற்றவேண்டும் என்று கேட்டால்? கொடுத்துவிடுங்கள். முன்கூட்டியே அனுமதி பெற்று, கடுகளவு கசட்டை எடுத்து வைத்துக்கொண்டு கொடுத்துவிடுங்கள். விளக்கை ஏற்றுவது விளக்கின் வேலை. நான் எதிர்ப்பது ஆய்வகத் தொட்டியில், காட்சிக்கு அழகாக இருக்கட்டும் என்று, யாரையும் கேட்காமல் நடக்கும் கழுவலைத்தான்.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. பதிவேட்டில் ஒவ்வொரு கல்பாத்திரத்துக்கும் மூன்று கட்டங்களைச் சேர்த்தால் போதும்: கழுவியதா, எப்போது, எதைக்கொண்டு. பழைய களக் குறிப்பேடுகளைப் புரட்டினால் பெரும்பாலானவற்றுக்கு விடை அகப்படும், அகப்படாதவற்றுக்கு அகப்படவில்லை என்றே எழுதிவிடலாம். கழுவாதவற்றின் பட்டியலை முதலில் இனூயிட் மரபு அமைப்புகளுக்கு அனுப்பி, எவற்றை ஆய்வுக்குத் திறக்கலாம் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தவற்றை மட்டும் உங்கள் இணையத்தளத்தில் போடுங்கள், அடிப்பக்கத்தின் படத்தோடு. மேல்பக்கப் படம் எல்லாரும் போடுகிறார்கள். அடிப்பக்கத்தைக் காட்ட யாருக்கும் மனசு வருவதில்லை, கரி அங்கேதானே இருக்கிறது.

இப்படிக்கு,
டொரான்டோவிலிருந்து ஒரு தமிழ் வாசகன்